இ.சி.ஜி. நார்மல், படபடப்பு மட்டும் போகவில்லை: வாசகர் கேள்வி – பதில்

பதற்றம் பற்றிய கேள்விகளை எழுதி அனுப்பும்படி வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பதற்றம் உள்ளவர்கள் எழுதியவை அல்ல, அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் எழுதியவை. மனநல மருத்துவர் ஒருவரும் குடும்ப ஆலோசகர் ஒருவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். பெயர்களையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் நீக்கியிருக்கிறோம்.

என் கணவருக்கு 38 வயது. பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். நாலு மாதத்தில் மூன்று முறை, 'நெஞ்சு அடைக்குது, கை மரத்துப்போகுது, செத்துடுவேன்' என்று சொல்லி ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்துப் பார்த்து, 'ஒண்ணும் இல்ல, டென்ஷன்தான்' என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது பஸ்ஸில் ஏறவே பயப்படுகிறார். நான் கூட வந்தால்தான் கடைக்கே போகிறார். மாமியார் நடிப்பு என்கிறார். – திருப்பூர் வாசகி

நடிப்பு இல்லை. 'ஒண்ணும் இல்ல' என்று சொன்னதும் பாதி உண்மைதான். இதயத்தில் ஒன்றும் இல்லை, அவ்வளவே. அவருக்கு வருவதற்குப் பானிக் அட்டாக் என்று பெயர். புகை இல்லாமலே வீட்டில் தீ அபாயமணி அடிக்கிற மாதிரி. அட்ரினலின் சுரந்து நெஞ்சு வேகமாக அடிக்கிறது. மூச்சு போதவில்லை என்று நினைத்து அவர் வேகவேகமாக இழுக்கிறார். அதில் ரத்தத்திலுள்ள கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போவது, தலை கிறுகிறுப்பது எல்லாம் அதன் விளைவு. மரத்த கையைப் பார்த்து 'ஹார்ட் அட்டாக்தான்' என்று முடிவுகட்டுகிறார், பயம் ஏறுகிறது, மூச்சு இன்னும் வேகமாகிறது. இந்தச் சுழல் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அரை மணி நேரத்துக்குள் தானாக வடிந்துவிடும். ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் சரியாவது இதனால்தான். உங்கள் மாமியாருக்கு அது நடிப்பாகத் தெரிவதும் இதனால்தான்.

இதைப் படித்துவிட்டு வேறு யாரும் தங்கள் நெஞ்சுவலியைத் தாங்களே 'பானிக்' என்று தீர்மானித்துவிடக் கூடாது. முதல்முறை வரும் நெஞ்சுவலி, நடக்கும்போதோ மாடிப்படி ஏறும்போதோ வந்து உட்கார்ந்தால் குறையும் வலி, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வேர்த்துக் கொட்டி வாந்தி வரும் வலி என்றால் யோசிக்காமல் 108. சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமலும் வரும். உங்கள் கணவருக்கு இதயப் பரிசோதனை முடிந்துவிட்டது. தைராய்டு (டி.எஸ்.எச்.), ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை டீ, எத்தனை சிகரெட் என்று எண்ணச் சொல்லுங்கள். ஷிப்ட்டுக்கு ஆறேழு டீ குடிப்பவருக்கு அதைப் பாதியாக்கினாலே படபடப்பு கண்ணுக்குத் தெரிந்து குறைவதுண்டு. ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும், ஒவ்வொரு வாரமும் தினசரி அளவில் இரண்டு டீயைக் குறைக்கலாம். குடிப்பழக்கம் இருந்தால் மறுநாள் காலையில் வரும் நடுக்கத்துக்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை.

இனி மூச்சு. 'நல்லா மூச்சை இழுத்து விடுங்க' என்பதுதான் பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லும் மிகத் தவறான ஆலோசனை. ஏற்கெனவே அதிகமாக இழுப்பவரை இன்னும் இழுக்கச் சொல்கிறோம். இழுப்பதைக் கவனிக்க வேண்டாம், விடுவதைக் கவனிக்க வேண்டும். வாயை மூடி, மூக்கால் மெதுவாக நாலு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். ஒரு கையை வயிற்றில் வைத்தால் வயிறு ஏறி இறங்க வேண்டும், தோள் ஏறக் கூடாது. காலையும் மாலையும் ஐந்தைந்து நிமிடம், படபடப்பு இல்லாத நேரத்தில் இரண்டு வாரம் பழக வேண்டும். கிணற்றில் விழுந்த பிறகு நீச்சல் கற்றுக்கொள்ள முடியாது. முகத்தில் பேப்பர் பையை வைத்து மூச்சுவிடும் பழைய வழக்கம் வேண்டாம். உண்மையிலேயே இதயமோ நுரையீரலோ காரணமாக இருந்தால் அது ஆபத்து.

மூச்சுப் பயிற்சியால் மட்டும் அவர் பஸ்ஸில் ஏறமாட்டார். பஸ்ஸில் ஏறாத ஒவ்வொரு நாளும் 'ஏறாததால் பிழைத்தேன்' என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. நீங்கள் கூடவே போகும் ஒவ்வொரு முறையும் 'இவள் இருந்ததால் பிழைத்தேன்' என்று எழுதிக்கொள்கிறது. பயம் குறையாமல் இருப்பதற்கு உங்கள் அன்பும் ஒரு காரணம். இது குற்றச்சாட்டு இல்லை, எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் மாற்ற வேண்டிய இடம் அதுதான்.

ஒரு நோட்டில் அவர் தவிர்க்கும் ஏழெட்டு காரியங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பயத்துக்கு நூற்றுக்கு எத்தனை மார்க் என்று அவரே போடட்டும். தெருமுனைக் கடைக்குத் தனியாகப் போவது 30, நின்றிருக்கும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து இறங்குவது 40, நீங்கள் பின்சீட்டில் இருக்க ஒரு ஸ்டாப் போவது 50, நீங்கள் அடுத்த ஸ்டாப்பில் காத்திருக்க அவர் தனியாக வருவது 65, காலை எட்டரை மணிக் கூட்டத்தில் கம்பெனிவரை தனியாகப் போவது 90, இப்படி. முப்பதில் தொடங்கி, ஒரே படியை வாரத்தில் நாலைந்து நாள் செய்ய வேண்டும். பயம் பாதியாக இறங்கும்வரை இடத்தை விட்டு நகரக் கூடாது. உச்சத்தில் இறங்கி ஓடினால் அன்றைய பயிற்சி எதிராகத் திரும்பிவிடும். ஒரு படி சலித்துப்போன பிறகு அடுத்தது. இதில் கெட்டுப்போகும் இடங்கள் இரண்டு. 'இன்றைக்கு மனசு நல்லா இருக்கு' என்று நேராக 90க்குத் தாவுவது ஒன்று. சட்டைப் பையில் மாத்திரை, கையில் தண்ணீர் பாட்டில், காதில் உங்கள் போன் கால் என்று கவசம் பூண்டு போவது இன்னொன்று. கவசங்களையும் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும்.

அட்டாக் வரும்போது நீங்கள் சொல்ல வேண்டியது இரண்டே வாக்கியம்: "இது அதேதான். பத்து நிமிஷத்துல இறங்க ஆரம்பிச்சிடும், நான் இங்கதான் இருக்கேன்." பல்ஸ் பிடித்துப் பார்க்காதீர்கள், விசிறாதீர்கள், பக்கத்து வீட்டாரைக் கூப்பிடாதீர்கள். ஆறு வாரத்தில் இரண்டாம் படியைக்கூடத் தாண்டவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மருந்தும் பயிற்சியும் சேர்ந்தால் நன்றாகக் குணமாகும் தொல்லைகளில் இதுவும் ஒன்று.

ஆறு வருடமாகப் பதற்றத்துக்கு இரவில் அல்பிரசோலம் 0.5 மாத்திரை போடுகிறேன். முதலில் டாக்டர் எழுதியது, பிறகு தெரிந்த மெடிக்கலில் வாங்கிக்கொள்கிறேன். இப்போது ஒன்று போதவில்லை. போன வாரம் மனைவி அட்டையை ஒளித்து வைத்துவிட்டாள், இரண்டு நாளில் கை நடுக்கம், வியர்வை, தூக்கமே இல்லை. – சேலம் வாசகர், 52

முதலில் உங்கள் மனைவிக்கு: அட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் பல வருடம் போட்ட அல்பிரசோலத்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். அந்த நடுக்கம் பழைய நோய் திரும்பியதால் வந்ததில்லை, மருந்து விலகும்போது வருவது.

இந்த மாத்திரை அரை மணி, ஒரு மணி நேரத்தில் வேலை செய்யும். அதனால்தான் பிடித்துப்போகிறது. சில மணி நேரத்தில் இறங்கவும் செய்யும், இறங்கும்போது பதற்றம் முன்பைவிடக் கூடுதலாக எட்டிப்பார்க்கும். உடம்பு பழகப் பழக அளவு ஏறும். அவசரத்துக்குச் சில நாள், மிஞ்சிப்போனால் சில வாரம் என்று எழுதப்படும் மருந்து இது. கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் பட்டியலான அட்டவணை எச்1இல் இருப்பதால், சீட்டு இல்லாமல் விற்பதே தவறு. விற்றால் யாருக்கு, எந்த டாக்டர் சீட்டுக்கு என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். 'தெரிந்த மெடிக்கல்' உங்களுக்குச் செய்தது உதவி இல்லை.

குறைப்பது மாதக்கணக்கான வேலை. இரண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒருமுறை, இருக்கும் அளவில் பத்தில் ஒரு பங்கு என்பது போல மருத்துவர் இறக்குவார். சில நேரம் மெதுவாக இறங்கும் வேறொரு மருந்துக்கு மாற்றி அதைக் குறைப்பார். இரவு மது அருந்தும் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சு அடங்கிப்போகும்.

பதற்றத்துக்கு நீண்ட நாளுக்குக் கொடுக்கப்படுபவை எசிடலோபிராம், செர்ட்ரலின் போன்ற வேறு வகை மாத்திரைகள். 'எல்லாம் தூக்க மாத்திரைதான்' என்ற நம்பிக்கை தவறு. இவற்றுக்கு ஏங்க மாட்டீர்கள், அளவைக் கூட்டிக்கொண்டே போகத் தோன்றாது. பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், முழுப் பலனுக்கு ஆறு முதல் எட்டு வாரம். முதல் வாரத்தில் குமட்டலும் சற்றுக் கூடுதல் படபடப்பும் வரலாம். 'இந்த மாத்திரை ஒத்துக்கலை' என்று பலர் தூக்கி எறிவது சரியாக இந்த வாரத்தில்தான். சரியான பிறகும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் தொடர்ந்து, பிறகு மருத்துவர் சொல்லி மெல்ல நிறுத்த வேண்டும்.

பிளஸ் டூ படிக்கும் மகள். நன்றாகப் படிப்பவள். அக்டோபரிலிருந்து ஒரு நாளைக்கு இருபது முறையாவது, 'அம்மா, மார்க் வந்துடும்ல? மறந்துட்டா என்ன பண்றது?' என்று கேட்கிறாள். நானும் ஒவ்வொரு முறையும் 'வரும்டா கண்ணு' என்கிறேன். டெஸ்ட் அன்று காலையில் வயிற்றுவலி, வாந்தி வருகிற மாதிரி. அவள் அப்பா லீவ் லெட்டர் எழுதிக் கொடுத்துவிடுகிறார். ராத்திரி ஒரு மணிவரை நானும் கூட உட்கார்ந்திருக்கிறேன். – மதுரை வாசகி

உங்கள் கடிதத்தில் மூன்று பேர் படிக்கிறார்கள், ஒருவர்தான் தேர்வு எழுதப்போகிறார்.

'வரும்டா கண்ணு' என்ற பதிலின் ஆயுள் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிட நிம்மதிதான் இருபத்தியோராவது கேள்வியைக் கொண்டுவருகிறது. லீவ் லெட்டரும் அப்படியே: கையெழுத்துப் போட்டதும் வயிற்றுவலி போய்விடுகிறது, அடுத்த டெஸ்டுக்கு அது சீக்கிரமே வருகிறது. யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் குழுவினர் 7 முதல் 14 வயதுவரையான 124 பிள்ளைகளின் பதற்றத்தை ஆராய்ந்தார்கள். 2020இல் வெளியான அந்த ஆய்வில், பெற்றோருக்கு மட்டும் பயிற்சி கொடுத்தபோது கிடைத்த பலன், பிள்ளைக்கே நேரடிச் சிகிச்சை கொடுத்ததற்குக் குறையவில்லை. பிள்ளை சிகிச்சை அறைக்குள் வரவே இல்லை! உங்கள் மகள் வயதில் பெரியவள் என்பதால், அவளுக்குத் தெரியாமல் செய்யாமல் அவளோடு பேசியே செய்ய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாதிரி நிதானமான ஒரு நேரத்தில், அப்பாவும் உடனிருக்க, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "நாளையிலிருந்து இந்தக் கேள்விக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் பதில் சொல்வேன். கோபத்துல இல்ல. நான் பதில் சொல்லச் சொல்ல உனக்கு பயம் கூடுதுன்னு புரிஞ்சுது." அடுத்த முறை கேட்கும்போது: "பயமா இருக்குன்னு தெரியுதுடா. அந்த பயத்தோடயே உன்னால எழுத முடியும்னும் எனக்குத் தெரியும்." இரண்டு பாதியும் வேண்டும். முதல் பாதி இல்லாவிட்டால் அதட்டல், இரண்டாம் பாதி இல்லாவிட்டால் பரிதாபம். அதன் பிறகு தோளைத் தட்டிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். முதல் ஐந்தாறு நாள் கேள்விகள் கூடும், அழுகை வரும், 'உனக்கு என்மேல அக்கறையே இல்ல' என்ற வசனமும் வரும். பல அம்மாக்கள் விட்டுக்கொடுப்பது மூன்றாம் நாள். அப்போது கொடுத்தால், மூன்று நாள் அழுதால் கிடைக்கும் என்று ஆகிவிடும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்ற முயலாதீர்கள். முதலில் கேள்வி, இரண்டு வாரம் கழித்து லீவு.

லீவுக்கு விதி எளிது. காய்ச்சல், உண்மையிலேயே வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் வீடு. மற்ற நாளெல்லாம் பள்ளி, ஒரு பீரியட் தாமதமானாலும் சரி. அதற்கு முன் வயிற்றுவலியை ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், அப்போதுதான் நீங்களே உறுதியாக நிற்க முடியும்.

கவலைக்கு நேரம் ஒதுக்குவது வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் தாமஸ் போர்கோவெக் 1983இலேயே சோதித்துப் பார்த்த முறை இது. தினமும் மாலை ஆறரைக்கு, ஒரே நாற்காலியில், அரை மணி நேரம். பகலில் வரும் பயத்தை ஒரு வரியில் துண்டுச்சீட்டில் எழுதி, 'ஆறரைக்குப் பார்த்துக்கலாம்' என்று தள்ளி வைக்க வேண்டும். ஆறரைக்கு அந்தச் சீட்டுகளை இரண்டாகப் பிரிக்க வேண்டும். 'வேதியியலில் கரிமப் பாடம் வரலை' என்பது செய்யக்கூடியது, டைம்டேபிளுக்குப் போகும். 'எல்லாம் மறந்துட்டா?' என்பதற்குச் செய்ய ஒன்றுமில்லை, கிழித்துவிடலாம். பாதிச் சீட்டுகள் மாலைக்குள் சப்பென்று ஆகியிருக்கும். படுக்கும் நேரத்துக்குப் பக்கத்தில் மட்டும் இதை வைக்காதீர்கள்.

தேர்வறையைப் பழக்கப்படுத்துங்கள். பொதுத்தேர்வில் பத்து மணிக்கு வினாத்தாள் வரும், பத்து நிமிடம் வாசிக்க, ஐந்து நிமிடம் விவரங்களைச் சரிபார்க்க, 10.15 முதல் 1.15 வரை எழுத. சனிக்கிழமைதோறும் பழைய வினாத்தாள் ஒன்றை அதே நேரத்தில், தரையில் உட்காராமல் மேசையில், தண்ணீருக்குக்கூட எழுந்திருக்காமல் எழுதட்டும். மனசு வெறுமையாகிவிட்டால் செய்ய வேண்டியதையும் அங்கேயே பழகலாம்: பேனாவைக் கீழே வை, பாதத்தைத் தரையில் அழுத்து, மூன்று முறை நீளமாக மூச்சை வெளியே விடு, தெரிந்த ஒரு மதிப்பெண் வினாவை எடுத்து எழுது. கை ஓடத் தொடங்கினால் நினைவும் வரும்.

ராத்திரி ஒரு மணி வேண்டாம். இந்த வயதுக்கு எட்டு மணித் தூக்கம் வேண்டும், படித்தது மனதில் பதிவதே தூக்கத்தில்தான். பத்தரைக்கு நீங்கள் எழுந்து போய்ப் படுங்கள், அவளும் வருவாள். 'எத்தனை எதிர்பார்க்கிற?' என்று போனில் விசாரிக்கும் சித்தப்பா, அத்தைகளை மார்ச் முடியும்வரை நீங்களே பேசி அனுப்பிவிடுங்கள். தவறினாலும் ஜூன், ஜூலையில் துணைத்தேர்வு உண்டு என்பதை வீட்டில் யாராவது ஒருவர் சாதாரணக் குரலில் சொல்லியிருக்க வேண்டும். அபசகுனம் என்று வாயை மூடிக்கொள்ளாதீர்கள்.

மாமியாருக்கு 68 வயது. கத்தாரில் இருக்கும் மகன் போனை எடுக்க அரை மணி தாமதமானால் படபடத்துப்போகிறார். நாள் முழுக்க செய்தி சேனல். ஆறு மாதமாகத்தான் இப்படி. – நாகர்கோவில் வாசகி

அந்த 'ஆறு மாதமாகத்தான்' முக்கியம். வாழ்நாள் முழுக்கத் தைரியமாக இருந்தவருக்கு அறுபதுக்கு மேல் புதிதாகப் பதற்றம் வந்தால், முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். தைராய்டு, ரத்தசோகை, பி12, இதயத் துடிப்பின் ஒழுங்கு. போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைகளையும் பையோடு எடுத்துப் போங்கள். ஆஸ்துமா இன்ஹேலர், ஸ்டீராய்டு, அளவு மிஞ்சிய தைராய்டு மாத்திரை எல்லாம் படபடப்பைத் தரும். மன அழுத்த நோயும், மறதி நோயின் தொடக்கமும் சில பெரியவர்களிடம் இப்படித்தான் தலைகாட்டும். வைத்த பொருளை மறப்பது, ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்பது உண்டா என்று கவனித்துச் சொல்லுங்கள்.

மகன் தினமும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் கூப்பிடட்டும். கத்தார் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. இங்கே இரவு எட்டரை என்றால் அங்கே மாலை ஆறு, வேலை முடிந்திருக்கும். 'முடிஞ்சப்போ கூப்பிடுறேம்மா' என்பதுதான் அவரை நாள் முழுக்கப் போனைப் பார்க்கவைக்கிறது. இடையில் அவர் பதறும்போது நீங்கள் மகனுக்குப் போன் போட்டுக் கொடுத்தால், மேலே மதுரை வாசகிக்குச் சொன்னதேதான். "எட்டரைக்கு வரும் அத்தை" என்று சொல்லி, கீரை ஆய்ந்து தரச் சொல்லுங்கள். கைக்கு வேலை கொடுப்பது அவமதிப்பு இல்லை. செய்தி காலையில் அரை மணி, மாலையில் அரை மணி. டி.வி.யை அணைப்பதைவிட, அந்த நேரத்தில் அவருக்குப் பிடித்த வேறொன்றைப் போடுவது சண்டை வராத வழி.

சாதாரணக் கவலை எது, டாக்டரிடம் போக வேண்டிய கவலை எது? ஊரில் 'பயந்த கோளாறு' என்று மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறோம். – விழுப்புரம் வாசகர்

கயிறு இருக்கட்டும், அதை அவிழ்க்கச் சொல்லி யாரும் வற்புறுத்த வேண்டியதில்லை. கயிறு கட்டியாகிவிட்டது என்று மற்றதை நிறுத்தினால்தான் பிரச்சினை.

மருத்துவர்கள் ஏழு கேள்விகள் கொண்ட ஜி.ஏ.டி.-7 என்ற சிறு படிவத்தைப் பயன்படுத்துவார்கள். கடந்த இரண்டு வாரத்தில் பதற்றம், நிறுத்த முடியாத கவலை, பலதையும் நினைத்துக் கவலை, தளர்ந்திருக்க முடியாமை, இருப்புக் கொள்ளாமை, எரிச்சல், ஏதோ கெட்டது நடக்கும் என்ற பயம் ஆகியவை எத்தனை நாள் இருந்தன என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க். மொத்தம் பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். படிவம் இல்லாமலும் தெரியும்: கவலைக்குக் காரணம் தீர்ந்தும் கவலை தீராவிட்டால், வேலையோ படிப்போ சமையலோ கெட்டால், தூக்கத்துக்கு மதுவோ மாத்திரையோ தேவைப்பட்டால், போக வேண்டிய நேரம் வந்துவிட்டது.

மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் புறநோயாளிப் பிரிவு உண்டு, மாத்திரையும் இலவசம். நேரில் போகத் தயக்கம் என்றால் 14416. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் எண் இது, தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்று பெயர். இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. முதல்முறை போகும்போது ஒரு தாளில் எப்போது தொடங்கியது, ஒரு நாள் எப்படிப் போகிறது, என்னென்ன மாத்திரை, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று எழுதிக்கொண்டு போங்கள். கூட வருபவர் வெளியே உட்கார்ந்து, நோயாளி தனியாகப் பேசப் பத்து நிமிடம் விட வேண்டும்.

ஐ.டி. வேலை போய் ஐந்து மாதம். மனைவிக்குத் தெரியும், பிள்ளைகளுக்கும் (14, 9) அப்பா, அம்மாவுக்கும் சொல்லவில்லை. தினமும் காலையில் லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். வீட்டுக்கடன் இ.எம்.ஐ., அதோடு ஆப்பில் வாங்கிய கடன். ராத்திரி பதினொரு மணிக்குமேல் இருவரும் பணம் பற்றிப் பேசி சண்டையில் முடிகிறது. பையன் காரணமில்லாமல் எரிந்து விழுகிறான், சின்னவள் மறுபடி படுக்கையை நனைக்கிறாள். – சென்னை வாசகர்

பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்கள். விஷயம்தான் தெரியாது, வீட்டில் ஏதோ சரியில்லை என்பது இருவருக்கும் தெரிந்திருக்கிறது. காரணம் சொல்லப்படாத இடத்தைப் பிள்ளைகள் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள்: அப்பாவுக்கு நோய், அம்மாவும் அப்பாவும் பிரியப்போகிறார்கள், எல்லாம் என்னால்தான். உண்மை இவை எல்லாவற்றையும்விடச் சின்னது.

இந்த வாரமே சொல்லுங்கள், காலையில் அல்லது விடுமுறை நாளில், படுக்கப்போகும் நேரத்தில் வேண்டாம். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து நாலு செய்தி போதும். என்ன நடந்தது: "அப்பா கம்பெனியில நிறைய பேரை வேலையிலிருந்து எடுத்தாங்க, அதுல அப்பாவும் ஒருத்தர்." எது மாறும்: டியூஷன், வெளியில் சாப்பிடுவது, இந்த வருட டூர். எது மாறாது: ஸ்கூல், இந்த வீடு, அப்பா, அம்மா. உறுதியாகத் தெரியாததைச் சொல்லிவிடாதீர்கள். வீடு மாற வேண்டிவரலாம் என்றால் 'இந்த வீடு' என்பதை எடுத்துவிடுங்கள். கடைசியாக, "இதுக்கு நீங்க காரணம் இல்ல, இதைச் சரிபண்றதும் உங்க வேலை இல்ல." பதினாலு வயதுக்காரன் தொகை கேட்டால் மேலோட்டமாகச் சொல்லலாம், ஆனால் அவனைப் புலம்பல் கேட்கும் தோழனாக்க வேண்டாம். ஒன்பது வயதுக்காரி, 'அப்போ எனக்குப் பிறந்தநாள் கேக் உண்டா?' என்றுதான் கேட்பாள். அதற்கும் பதில் வைத்திருங்கள். படுக்கை நனைவதற்குத் திட்டாதீர்கள், சிறுநீர்த் தொற்று இல்லை என்று மட்டும் ஒரு பரிசோதனையில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பெற்றோருக்கு எப்போது சொல்வது என்பது உங்கள் முடிவு. ஆனால் அந்தப் பையை மாட்டும் நாடகம் உங்களை உள்ளே அரிக்கிறது, அதை நிறுத்துங்கள். நூலகம் நல்ல இடம்தான், வேலை தேடப் போகிறேன் என்று சொல்லிவிட்டே போகலாம்.

பணப் பேச்சுக்கு நாள் குறியுங்கள். வாரம் ஒருமுறை, சனி காலை பதினொன்று, சாப்பாட்டு மேசை, நாற்பது நிமிடம். ஒரே தாளில் ஒவ்வொரு கடனுக்கும் மீதி, வட்டி, மாதத் தவணை, தேதி. கையிருப்பில் எத்தனை மாதம் ஓடும் என்ற ஒற்றை எண் அடியில். பயம் பெரிதாக இருப்பது இந்தத் தாள் இல்லாதவரைதான். வங்கிக்குத் தவணை தவறிய பிறகு போவதைவிடத் தவறுவதற்கு முன் போய்க் காலத்தை நீட்டிக்கவோ தவணையை மாற்றியமைக்கவோ எழுத்தில் கேட்பது எளிது. ஆப் கடனை அடைக்க இன்னொரு ஆப்பில் வாங்காதீர்கள். வசூல்காரர்கள் காலை எட்டுக்கு முன்னும் இரவு ஏழுக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது, உறவினர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டிருக்கிறது. மீறினால் அழைப்புப் பதிவோடு முதலில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுதுங்கள், 30 நாளில் சரியான பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு. உதவி எண் 14448. படத்தை மாற்றி அனுப்புவேன் என்று மிரட்டினால் அது கடன் விவகாரம் இல்லை, சைபர் குற்றம்: 1930.

சனிக்கிழமை தவிர மற்ற நாளில், அதிலும் இரவு ஒன்பதுக்குமேல், பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூடாது. சண்டை சூடேறி நெஞ்சு படபடக்கத் தொடங்கிவிட்டால் அதன்பின் பேசுவது எதுவும் காதில் ஏறாது. "இருபது நிமிஷம் கழிச்சுப் பேசலாம்" என்று நேரம் சொல்லி எழுந்துபோங்கள், அதே நேரத்துக்குத் திரும்பி வாருங்கள். திரும்பி வராத இடைவேளை, கதவை அறைந்து சாத்தியதற்குச் சமம். உங்கள் காலை நேரத்துக்கும் ஒரு சட்டம் வேண்டும்: வேலை இருந்தபோது எழுந்த அதே நேரத்தில் எழுவது, அரை மணி நேரம் வியர்க்கும் நடை, விண்ணப்பங்களுக்கு மூன்று மணி நேரம், அதோடு நிறுத்தம். நாள் முழுக்கத் தேடுபவருக்கு வேலை சீக்கிரம் கிடைப்பதில்லை, உடைந்துபோவதுதான் சீக்கிரம் நடக்கிறது.

ஒன்றை நேரடியாகக் கேட்கிறோம், உங்கள் மனைவியும் உங்களிடம் கேட்க வேண்டும்: 'செத்துப்போயிடலாம்னு தோணுதா?' கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, ஏற்கெனவே இருந்தால் வாய்விட்டுச் சொல்ல வழி பிறக்கும். ஆம் என்றால் அன்று தனியாக விடக் கூடாது, மாத்திரை, பூச்சிமருந்து போன்றவற்றை வீட்டிலிருந்து அகற்ற வேண்டும், உடனே 14416 அல்லது சென்னை சினேகா அமைப்பின் 044-24640050. எப்படி, எப்போது என்றே தீர்மானித்திருந்தால் நேராக அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு. காவல் துறைக்குப் பயந்து மறைக்க வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்ற ஒருவரைக் கடும் மனஉளைச்சலில் இருந்தவராகவே கருதி, தண்டனையிலிருந்து விலக்குகிறது.

மனநலச் சிகிச்சைக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் கிடைக்குமா? – கோவை வாசகர்

கிடைக்க வேண்டும். அதே 2017 சட்டத்தின் 21(4) பிரிவு, உடல்நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. 2018 ஆகஸ்டில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் நிறுவனங்களுக்கு அதை வலியுறுத்தியது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் படுக்கையில் சேர்ந்து சிகிச்சை பெற்றால்தான் கொடுக்கும். பதற்றத்துக்கான சிகிச்சையோ பெரும்பாலும் வெளிநோயாளியாகவே நடப்பது. புதுப்பிக்கும் முன் 'ஓ.பி.டி. (வெளிநோயாளி) கவரேஜ் உண்டா, அதில் மனநல ஆலோசனை சேருமா, வருடத்துக்கு எவ்வளவு வரம்பு?' என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சிகிச்சையில் இருந்தால் விண்ணப்பத்தில் அதை எழுதிவிடுங்கள். மறைத்தது தெரிந்தால், மாரடைப்புக்குக் கேட்கும் பணத்தைக்கூட மறுக்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.